மலையில் செய்து கடலுக்குக் கொண்டுபோக ஒரு குட்டைப் பலகை

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. முன்பு தேயிலைச் சாக்கும் மருந்தடிக்கும் ஸ்பிரேயரும் கிடந்த இடம். இப்போது அதில் சர்ஃபிங் பலகை செய்கிறேன். 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் மாமல்லபுரத்தில் நடந்த பிறகு, இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் கொட்டகைக்கு வந்து எட்டிப் பார்க்கிறார்கள். என் அக்கா மகனும் அவர்களில் ஒருவன். "மாமா, கடல் இல்லாத ஊர்ல இத செய்ய முடியுமா?" என்றுதான் முதலில் கேட்டான். முடியும். ஆனால் மலையில் செய்வதற்கென்று சில கணக்குகள் இருக்கின்றன. கடற்கரையில் இருப்பவர்கள் அவற்றைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை. அவனுக்குச் சொன்னதையே இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. அலையில் இன்னும் எழுந்து நிற்கவே பழகாதவர்களுக்கு இந்தப் பலகை சரிவராது. சென்னைப் பக்கத்துக் கோவளத்திலோ மாமல்லபுரத்திலோ ஒரு பயிற்சிப் பள்ளியில் எட்டு, ஒன்பது அடி நீள மெத்தைப் பலகையில் பத்து நாள் பழகுங்கள். நுரையைத் தாண்டி, உடையாத பச்சை அலையில் எழுந்து நின்று பத்து மீட்டராவது போக வந்துவிட்டால், அப்புறம் இதைத் தொடங்கலாம்.

ஏன் குட்டை, ஏன் அகலம்

நம் கடற்கரையில் பெரும்பாலான நாட்களில் வருவது முழங்கால் முதல் இடுப்பு வரையிலான அலை. இடுப்பளவு அலை ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழத்தில் உடைகிறது. ஆழம் குறைந்த நீரில் அலையின் வேகத்தை ஆழமே தீர்மானிப்பதால், அது மணிக்கு 10 முதல் 12 கிலோமீட்டர் வேகத்தில்தான் வரும். நிதானமாகச் சைக்கிள் மிதிக்கிற வேகம். குறுகிய, முனை வளைந்த பலகை அந்த வேகத்தில் நீரைத் தள்ளிக்கொண்டு பாதி மூழ்கியே கிடக்கும். நீரின் மேல் எழுந்து வழுக்க அதற்கு இன்னும் வேகம் வேண்டும். அலையிடம் அந்த வேகம் கிடையாது.

அகலமான, தட்டையான அடிப்பாகம் குறைந்த வேகத்திலேயே நீரின் மேல் ஏறிவிடும். ஒரே பரப்பளவுள்ள இரண்டு பலகைகளில் அகலம் கூடியதுதான் சீக்கிரம் எழும். இது படகு கட்டுகிறவர்களின் கணக்கு. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1946இல், வேகப் படகுகளின் அடிப்பாகத்தைப் பற்றி லிண்ட்சே லார்ட் என்பவர் ஒரு நூல் வெளியிட்டார். கலிஃபோர்னியாவின் பாப் சிம்மன்ஸ் அதைப் படித்துவிட்டு அகலமான, வால் பக்கம் குறுகாத பலகைகளைச் செய்தார். 1954இல் கடலிலேயே இறந்துபோனார். 1967 வாக்கில் சான் டியேகோவில் ஸ்டீவ் லிஸ் என்ற இளைஞர், முழங்காலிட்டு ஓட்டுவதற்காக, மீன் வால் போலப் பிளந்த குட்டைப் பலகை ஒன்றைச் செய்தார். நாம் செய்யப்போவதில் இந்த இருவரின் வேலையும் கலந்திருக்கிறது.

மலையில் இருப்பவர்களுக்குக் குட்டைப் பலகையில் இன்னொரு வசதியும் உண்டு. ஒன்பதடிப் பலகையைக் கோத்தகிரி பஸ்ஸில் ஏற்ற முடியாது. ஆறடிக்குள் இருந்தால், அடியில் வால் பக்கம் நிற்கிற செதில்களான ஃபின்களைக் கழற்றிவிட்டு, கம்பளியில் சுற்றி, மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த்துக்கு அடியில் தள்ளிவிடலாம். விடிந்தால் சென்னை.

அளவு

ஆசாரிகள் சொல்கிற கணக்கிலேயே எழுதுகிறேன்: ஓர் அங்குலத்துக்கு 8 நூல்.

எடைதான் முதல் அளவு. உங்கள் எடையை 0.6 ஆல் பெருக்கினால் பலகைக்கு வேண்டிய கொள்ளளவு லிட்டரில் கிடைக்கும். 65 கிலோ என்றால் 39 லிட்டர், 40 என்று வைத்துக்கொள்ளலாம். நன்றாகத் தேறியவர்கள் இதைவிடக் குறைத்துக்கொள்வார்கள். ஆண்டுக்கு நான்கைந்து தடவை மட்டும் மலையிறங்கும் நம்மைப் போன்றவர்களுக்குப் படுத்தபடி கையாலேயே துடுப்புப் போடும் பலம் குறைவு. குறைக்க வேண்டாம்.

நீளம், அகலம், கனம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, வருவதை 0.6 ஆல் பெருக்குங்கள். நான் வரைகிற வடிவத்துக்கு இந்த 0.6 பொருந்துகிறது. கூர்மையான பலகைக்கு இன்னும் குறையும். 173 சென்டிமீட்டர் நீளம், 56 அகலம், 7 கனம் என்றால் சுமார் 68 லிட்டர். அதில் 0.6 பங்கு ஏறக்குறைய 40.

55 கிலோ உள்ளவருக்கு 5 அடி 5 அங்குல நீளம், 21 அங்குலம் 4 நூல் அகலம், 2 அங்குலம் 4 நூல் கனம். 34 லிட்டர் வரும். 65 கிலோவுக்கு 5 அடி 8 அங்குலம், 22 அங்குலம், 2 அங்குலம் 6 நூல். 75 கிலோவுக்கு 5 அடி 10 அங்குலம், 22 அங்குலம் 4 நூல், 2 அங்குலம் 7 நூல், 44 லிட்டர். உங்கள் எடை இடையில் இருந்தால் அளவையும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள். அகலத்தை மட்டும் 23 அங்குலத்துக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். படுத்துத் துடுப்புப் போடும்போது தோள் வலிக்கும். பலகையின் ஓரம் கையில் இடித்துக்கொண்டே இருக்கும்.

இனி வருகிற அளவெல்லாம் 5 அடி 8 அங்குலப் பலகைக்கு.

வரைதல்

4 மில்லிமீட்டர் பிளைவுட்டில் பாதி வடிவம் மட்டும் வரையுங்கள். அதையே திருப்பிப் போட்டால் மறுபாதியும் அச்சாக வரும். முழுசாக வரைந்தால் இரண்டு பக்கமும் ஒன்றாக அமைவது கடினம். நடுக்கோடு ஒன்று போட்டு, அதிலிருந்து குறியிடுங்கள். மூக்கு நுனியிலிருந்து 12 அங்குலத்தில் 9 அங்குலம் 2 நூல். 31 அங்குலத்தில் 11 அங்குலம்; பலகையின் மிக அகலமான இடம் இதுதான், நட்ட நடுவைவிட 3 அங்குலம் முன்னால். வாலிலிருந்து 12 அங்குலத்தில் 8 அங்குலம் 6 நூல். வால் முனையில் 5 அங்குலம். மூக்கைக் கூராக்காமல் கரண்டி நுனி போல உருட்டிவிடுங்கள்.

ஒவ்வொரு குறியிலும் ஆணி அடித்து, சீவிய மூங்கில் தப்பை ஒன்றை ஆணிகளின் மேல் வளைத்துக் கோடு போடுங்கள். மூங்கில் தானாக எடுக்கும் வளைவில் முறிவு இருக்காது. ஓர் ஆணி மட்டும் தப்பையைத் தொடாமல் ஒரு நூல் தள்ளி நின்றால், என் அளவை நம்பாமல் மூங்கிலை நம்புங்கள். அப்புறம் குனிந்து, மூக்கு முனையில் கண்ணை வைத்துக் கோட்டின் நீளத்துக்குப் பாருங்கள். மேலிருந்து தெரியாத மேடு, பள்ளம் அப்போது தெரியும்.

வாலின் நடுவில் 4 அங்குலம் 4 நூல் ஆழத்துக்கு ஒரு பிளவு. எனக்கு மரவேலை சொல்லிக்கொடுத்த ஆசாரி முதல் தடவை இதைப் பார்த்துவிட்டு, "எதுக்குங்க ரெண்டு வாலு, மீனாட்டம்?" என்றார். அகலமான வால் அலையில் திரும்பும்போது நீரைப் பிடிக்காமல் பக்கவாட்டில் நழுவிவிடும். பிளந்துவிட்டால் சாய்கிற பக்கத்துக் கூர் மட்டும் நீரில் ஊன்றி நிற்கிறது. நேராகப் போகும்போது வாலின் அகலம் முழுவதும் தாங்குகிறது. இப்படிச் சொன்னதும் அவரே பென்சிலை வாங்கி, பிளவின் உள்மூலையைக் கொஞ்சம் உருட்டி வரைந்தார். கூர்மூலையில் ஃபைபர் துணி உட்காராது, விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். அதை நான் பின்னால்தான் புரிந்துகொண்டேன்.

அடுத்தது பக்கவாட்டு வளைவு. இதை ராக்கர் என்பார்கள். பலகையைத் தரையில் வைத்தால் மூக்கும் வாலும் எவ்வளவு தூக்கி நிற்கின்றன என்ற கணக்கு. நம் பலகைக்கு மூக்கில் 3 அங்குலம் 4 நூல், வாலில் 1 அங்குலம் 4 நூல். நடு இரண்டடி கிட்டத்தட்ட நேராகவே இருக்கட்டும். மூக்கின் தூக்கலில் பெரும்பகுதி கடைசி 18 அங்குலத்தில் வரட்டும். இதைவிட வளைத்தால் பலகை நீரைத் தள்ளும், சிறிய அலையில் நின்றுபோகும். இதைவிடத் தட்டையாக்கினால் அலை கொஞ்சம் செங்குத்தாக எழும்போதே மூக்குக் குத்தும். என் முதல் வரைபடத்தில் மூக்குத் தூக்கல் 2 அங்குலம்தான். அந்தப் பலகையில் நான் குடித்த உப்புத் தண்ணீர் கொஞ்சமல்ல.

கட்டையும் நடுச்சட்டமும்

உள்ளே இருக்கப்போவது தெர்மாகோல். டிவி பெட்டிக்குள் வருகிற பொலபொலவென்ற ரகம் உதவாது. அழுத்தினால் விரல் இறங்கும். கன மீட்டருக்கு 20 கிலோவுக்குக் குறையாத அடர்த்தி என்று கேட்டு வாங்குங்கள். கோயம்புத்தூரில் அளவு சொன்னால் வெட்டித் தருவார்கள். 6 அடி நீளம், 2 அடி அகலம், 5 அங்குலக் கனம் போதும். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால், சாவடியில் விசாரித்தால் காட்டப் பில்லைக் கையிலேயே வைத்திருங்கள்.

பலகையின் நடுவில் நீளவாட்டில் நிற்கும் நடுச்சட்டத்துக்கு மரத்தை வெளியூரில் தேட வேண்டாம். தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக்கே போதும். நன்றாகக் காய்ந்த பலகையிலிருந்து 4 மில்லிமீட்டர் கனத்தில் முடிச்சில்லாமல் ஒரு பட்டை சீவி வாங்குங்கள். பச்சை மரம் பின்னால் முறுக்கிக்கொள்ளும். ஆறு மாதமாவது கூரைக்கடியில் கிடந்த மரமா என்று கேளுங்கள்.

தெர்மாகோலை வெட்ட, மரச் சட்டத்தில் விறைப்பாகக் கட்டிய, மின்சாரத்தில் சூடேறும் நிக்ரோம் கம்பி வேண்டும். மின் இணைப்பைத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் சொல்லிச் செய்துகொள்ளுங்கள். கம்பி சிவக்கக் கூடாது. சிவந்தால் தெர்மாகோலை அகலமாக உருக்கிவிடும். ராக்கர் வரைந்த இரண்டு பிளைவுட் அச்சுகளைக் கட்டையின் இரு பக்கத்திலும் ஆணி குத்தி நிறுத்தி, இருவர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து ஒரே வேகத்தில் இழுக்க வேண்டும். புகை கெடுதல். கதவு, ஜன்னலைத் திறந்து வையுங்கள், மாஸ்க் போடுங்கள்.

வெட்டி எடுத்ததை நீளவாட்டில் இரண்டாகப் பிளந்து, நடுவில் சில்வர் ஓக் பட்டையை வைத்து எபாக்சியால் (இரண்டு திரவத்தைக் கலந்தால் இறுகும் பசை) ஒட்டுங்கள். பழைய சைக்கிள் டியூபை நீளமாகக் கிழித்துச் சுற்றிக் கட்டினால் எல்லா இடத்திலும் ஒரே அழுத்தம் கிடைக்கும். எபாக்சியையே வாங்குங்கள். படகுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் பூசுகிற பாலியஸ்டர் ரெசின் தெர்மாகோலைக் கரைத்துவிடும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழி விழும்.

இழைத்தல்

கொட்டகைச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு டியூப் லைட் கட்டுங்கள். தலைக்கு மேலே இருக்கிற விளக்கை அணைத்துவிடுங்கள். பக்கத்திலிருந்து வருகிற வெளிச்சத்தில் அரை நூல் மேடுகூட நிழல் போடும். இந்த ஏற்பாடு இல்லாமல் இழைக்க உட்காராதீர்கள். கையில் தடவிப் பார்த்தே செய்துவிடலாம் என்று தோன்றும், முடியாது.

அச்சை வைத்து வடிவத்தை ரம்பத்தால் அறுத்து எடுங்கள். ரம்பம் செங்குத்தாக நிற்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு மூக்கும் வாலும் மெலிய வேண்டும். நடுவில் 2 அங்குலம் 6 நூல் என்றால், மூக்கிலிருந்து 12 அங்குலத்தில் 1 அங்குலம் 6 நூல், வாலிலிருந்து 12 அங்குலத்தில் 1 அங்குலம் 5 நூல். கனத்தை மேல் பக்கத்தில் மட்டும் குறையுங்கள். அடிப்பக்கத்தைத் தொட்டால் ராக்கர் மாறிவிடும்.

ஓரங்களை உருட்டும்போது முதலில் 45 பாகையில் ஒரு பட்டை சீவுங்கள், பிறகு அதன் இரு முனைகளையும் சீவுங்கள், கடைசியில் உப்புத்தாள். இடது பக்கம் எத்தனை தடவை இழுத்தீர்களோ வலது பக்கமும் அத்தனை தடவை. நான் வாய்விட்டு எண்ணுவேன்.

மூக்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை ஓரம் உருண்டையாக இருக்கட்டும். கடைசி 14 அங்குலத்தில் அடிப்பக்க விளிம்பு மட்டும் கூராக வர வேண்டும். காரணத்தை அடுப்படியிலேயே பார்க்கலாம். வாய் உருண்ட பாத்திரத்திலிருந்து ஊற்றினால் தண்ணீர் பாத்திரத்தின் உடம்போடு ஒட்டிக் கீழே வழியும். விளிம்பு மடித்த டம்ளரில் ஊற்றினால் சுத்தமாகப் பிரிந்து விழும். வால் பக்கம் நீர் அப்படிப் பிரிந்து விழ வேண்டும். ஒட்டிக்கொண்டால் பலகையைப் பின்னால் இழுக்கும்.

அடிப்பாகத்தில் குழிவு எதுவும் வேண்டாம். கடைகளில் விற்கும் பலகைகளில் விதவிதமாகக் குழித்திருப்பார்கள். அதையெல்லாம் இரண்டாவது பலகையில் பார்த்துக்கொள்ளலாம். இரசமட்டம் வைத்தால் குறுக்குவாட்டில் வெளிச்சம் ஊடுருவாத அளவுக்குத் தட்டையாக இருந்தாலே பலகை நன்றாக ஓடும்.

இழைக்கும்போது பறக்கிற வெண்மணிகளைப் பற்றி எனக்குக் கவலை அதிகம். காற்றில் ஒருமுறை வெளியே போனால் தேயிலைச் செடிக்கடியிலும் ஓடையிலும் போய்ச் சேரும், திரும்பப் பொறுக்க வழியில்லை. எங்கள் சோலை ஓரத்தில் காட்டெருமை மேய்கிற இடம் இது. கதவுக்கு ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, தரையை நனைத்துவிட்டு வேலை செய்யுங்கள். கூட்டியதைச் சாக்கில் கட்டி, அடுத்த முறை கட்டை வாங்கப் போகும்போது மறுசுழற்சிக்கு எடுக்கிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

குளிரும் எபாக்சியும்

மலையில் அதிகம் கெடுவது இந்த இடத்தில்தான். ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

என் முதல் பலகையை டிசம்பரில் பூசினேன். நான்கு நாள் கழித்தும் விரல் ஒட்டியது. ஒரு வாரம் பார்த்துவிட்டு, துணியோடு சேர்த்து உரித்து எறிந்தேன். வெப்பம் 10 பாகை குறைந்தால் எபாக்சி இறுகும் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். சாதாரண ரகங்கள் 15 பாகைக்குக் கீழே ஒழுங்காக இறுகுவதே இல்லை. இரவில் எங்கள் கொட்டகைக்குள் 10 பாகைக்குக் கீழே போகிற மாதம் அது.

சீக்கிரம் இறுகட்டும் என்று, எபாக்சியை இறுக வைக்கும் இரண்டாவது திரவமான ஹார்டனரைக் கூட்டி ஊற்றுவது பலருக்கு வருகிற யோசனை. தயவுசெய்து செய்யாதீர்கள். டப்பாவில் போட்ட விகிதத்தில் கலந்தால்தான் இரண்டும் முழுசாகச் சேரும். மிஞ்சிய ஹார்டனர் உள்ளே அப்படியே நின்று, பூச்சு காலத்துக்கும் மெத்தென்று இருக்கும். சமையலறை டிஜிட்டல் தராசில் எடை போட்டுக் கலக்குங்கள், கண்ணளவு வேண்டாம்.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். காற்று வறண்டிருக்கும், பகலில் வெயில் இருக்கும். அப்போதும் ஒரு சிக்கல் உண்டு. தெர்மாகோலுக்குள் காற்று இருக்கிறது. கொட்டகை சூடாகிக்கொண்டே போகும் நேரத்தில் பூசினால், உள்காற்று விரிந்து பூச்சு வழியாகக் குமிழ் விட்டு வெளியே வரும். வெப்பம் இறங்குகிற நேரத்தில் பூசினால் அது சுருங்கி, எபாக்சியை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் கடற்கரைக்காரர்கள் சாயங்காலம் பூசுவார்கள். இங்கே நான்கு மணிக்கு மேல் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்துவிடும். ஈரக் காற்று பட்டால் எபாக்சியின் மேல் மெழுகு போல வெண்படலம் படியும், அடுத்த பூச்சு அதில் ஒட்டாது.

நான் செய்வது இது. காலையிலேயே ரூம் ஹீட்டர் போட்டுக் கொட்டகையை 28 பாகைக்குக் கொண்டுவருவேன். எபாக்சி டப்பாக்களை மூடியபடியே வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்திவைத்தால் தேன் போல இளகும். ஒரு மணிக்கு ஹீட்டரை நிறுத்திவிட்டுப் பூச ஆரம்பிப்பேன். மெல்ல வெப்பம் இறங்கும், எபாக்சி உள்ளே போகும். மூன்றரைக்குள் முடித்து, கதவைச் சாத்தி, பிசுபிசுப்பு நிலைக்கு வந்ததும் மீண்டும் லேசாக ஹீட்டர். மறுநாள் வெண்படலம் இருக்கிறதோ இல்லையோ, பச்சைத் தண்ணீரும் தேய்க்கிற நாரும் போட்டுக் கழுவித் துடைத்த பிறகுதான் உப்புத்தாளைத் தொடுவேன்.

பூசும் முறை எளிது. முதலில் மைக்ரோ பலூன் என்ற எடை குறைந்த நிரப்புப் பொடி கலந்த எபாக்சியை மெல்லியதாகத் தடவி, தெர்மாகோலின் குழிகளை அடைத்துவிடுங்கள். காய்ந்ததும் லேசாகத் தேய்த்துவிட்டு, 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) ஃபைபர் துணி அடியில் ஒரு மடிப்பு, மேலே இரண்டு. ஓரத்தில் 2 அங்குலம் மடிந்து மறுபக்கம் ஏற வேண்டும். பட்டி பார்க்கிற பிளாஸ்டிக் தகட்டால் நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்து, மிஞ்சியதை வழித்து எடுங்கள். துணியின் நெசவு தெரிய வேண்டும். பளபளப்பாக நின்றால் எபாக்சி அதிகம். மொத்தமாக 2 கிலோ எபாக்சி போதும். ஒரே கோப்பையில் அரைக் கிலோவைக் கலந்து வைத்துவிட்டுப் போனால் அது தானே சூடேறிப் புகைந்துவிடும். இருநூறு இருநூறு கிராமாகக் கலக்குங்கள்.

நைட்ரைல் கையுறை இல்லாமல் தொடவே கூடாது. எபாக்சி ஒவ்வாமை ஒருமுறை வந்தால் ஆயுளுக்கும் இருக்கும். தோலில் பட்டால் தின்னர் போட்டுத் துடைக்காமல் சோப்பால் கழுவுங்கள்.

காற்றுத் திருகு

கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம்தான். இங்கே பூசி மூடிய பலகைக்குள் இங்கத்திக் காற்றுதான் இருக்கும். அதைக் கோவளத்துக்குக் கொண்டுபோனால் வெளிக்காற்று அதை எல்லாப் பக்கமும் அழுத்தும். மேல்பரப்பு ஒன்றில் மட்டும் ஒன்றரை டன் எடையை ஏற்றிவைத்தது போன்ற அழுத்தம். தெர்மாகோல் அதைத் தாங்கிவிடும். ஆனால் எங்காவது ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால் கடல்நீரை உறிஞ்சி உள்ளே இழுத்துக்கொள்ளும்.

திரும்பி வரும்போது நேரெதிர். என் மூன்றாவது பலகையில் காற்றுப் போய்வர ஒரு திருகு வைத்திருந்தேன், கடலில் மூடியதைத் திறக்க மறந்துவிட்டேன். மேட்டுப்பாளையத்தில் ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கம்பளியைப் பிரித்தால், மேல்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு கொப்புளம். உள்ளே இருந்த கடற்கரைக் காற்று விரிந்து, துணியைத் தெர்மாகோலிலிருந்து பிரித்துவிட்டது. அறுத்து, ஒட்டி, மறுபடி பூச ஒரு மாதம் போனது.

ஆகவே மலையில் செய்கிற பலகைக்குக் காற்றுத் திருகு கட்டாயம். துணி போடுவதற்கு முன்பே, மேல்பக்கத்தில், மூக்கிலிருந்து 20 அங்குலத்தில், நடுச்சட்டத்துக்கு ஓர் அங்குலம் தள்ளி, ஒரு ரூபாய் நாணய அகலத்துக்குக் குழி தோண்டி எபாக்சியால் நிரப்புங்கள். எல்லாம் முடிந்த பிறகு அதன் நடுவில் துளையிட்டு, ரப்பர் வளையம் போட்ட ஸ்டெயின்லெஸ் திருகு ஒன்றை அதற்குரிய மரையோடு பொருத்துங்கள். துளை தெர்மாகோல் வரை போக வேண்டும். வீட்டிலிருந்து மணல் வரை திறந்திருக்கும். நீரில் இறங்கும் முன் மூட வேண்டும். கரையேறியதும், துடைத்துவிட்டு, மறுபடி திறக்க வேண்டும். திருகு திறந்திருக்கும்போது மூக்கில் ஒரு சிவப்புத் துணி கட்டிவைக்கிறேன். துணியை அவிழ்க்காமல் கடலில் இறங்குவதில்லை.

ஃபின், கயிறு, மெழுகு

அகலமான வாலுக்கு இரண்டு ஃபின் போதும். மார்க் ரிச்சர்ட்ஸ் 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு உலகப் பட்டம் வென்றது இரண்டு ஃபின் பலகைகளை ஓட்டித்தான். கழற்றி மாட்டும் பெட்டிகளோடு வருவதை வாங்குங்கள். நிரந்தரமாக ஒட்டிய ஃபின் பஸ்ஸிலும் ரயிலிலும் உடையும். ஃபின்னின் பின்முனை வால் கூரிலிருந்து 4 அங்குலம் முன்னால், ஓரத்திலிருந்து 1 அங்குலம் 2 நூல் உள்ளே. முன்முனை நடுக்கோட்டைப் பார்த்து 1 நூல் உள்வாங்கட்டும். வெளிப்பக்கம் 4 பாகை சாய்வு. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று மூக்கு நுனியிலிருந்து நூல் பிடித்துப் பாருங்கள். இங்கே ஒரு நூல் பிசகினாலும் பலகை ஒரு பக்கமாகவே இழுக்கும்.

கால் கயிறு மாட்டும் குமிழை வால் பிளவுக்கு 3 அங்குலம் முன்னால் பதியுங்கள். வழுக்காமல் இருக்க மெழுகு வேண்டும். தேன்மெழுகு இந்த ஊரிலேயே நல்லதாகக் கிடைக்கும். மூன்று பங்கு தேன்மெழுகுக்கு ஒரு பங்கு தேங்காய் எண்ணெய் சேர்த்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, இட்லித் தட்டில் ஊற்றி ஆறவிடுவேன். எல்லாம் சேர்ந்து பலகை நான்கு கிலோவுக்குள் வர வேண்டும்.

நீரில் முதல் நாள்

முழங்கால் முதல் இடுப்பு வரையிலான, காற்றில்லாத காலை நேர அலையைத் தேர்ந்தெடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளிக்கும்போது, இந்தப் பலகையோடு இறங்க வேண்டாம். செங்குத்தான, வேகமான அலைக்கு இதன் தட்டை மூக்கும் அகல வாலும் ஒத்துவராது. படகு ஏற்றி இறக்கும் இடத்தை விட்டுத் தள்ளி நில்லுங்கள். நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கரையில் வலை பிரிக்கிற அண்ணன்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

நீளப் பலகையில் பழகியவர்கள் இதில் முதலில் முன்னால் படுத்து மூக்குக் குத்துவார்கள். மூக்கு நீரிலிருந்து இரண்டு விரற்கடை தூக்கி நிற்கும்படி பின்னால் நகர்ந்து படுங்கள். அலை வருவதற்குக் கொஞ்சம் முன்பே துடுப்புப் போடத் தொடங்குங்கள். எழுந்ததும் பின்கால் ஃபின்களுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். அங்கே கால் இல்லாவிட்டால் பலகை நேராக மட்டுமே ஓடும், திரும்பாது. திருப்பும்போது குதிகாலை அழுத்தி அவசரப்படுத்தாமல், சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சு காத்திருங்கள். அகலமான பலகை நிதானமாகத்தான் திரும்பும், திரும்பிய பிறகு வேகம் குறையாமல் போகும்.

கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் சாய்த்து வையுங்கள். வெயிலில் போட்டால் உள்காற்று விரிந்து அதே கொப்புளம் வரும். மறுநாள் மேட்டுப்பாளையத்தில் ரயிலை விட்டு இறங்கி, கோத்தகிரி பஸ் ஏறும் முன்பு, கம்பளியை ஒரு முழம் விலக்கிச் சிவப்புத் துணி மூக்கில் இருக்கிறதா, திருகு திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.